படுக்கை இங்கே, பார்வை அங்கே: தொலைநிலைத் தீவிர சிகிச்சைக் கண்காணிப்பு குறித்து ஒரு மதிப்பீடு

இரணியல் பக்கத்தில் இரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் வீட்டார் மூன்று திசைகளை யோசிப்பார்கள். அருகில் தக்கலையில் அரசு மருத்துவமனை. நாகர்கோவில் போகும் வழியில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி. அங்கும் ஆகாது என்றால் களியக்காவிளை தாண்டி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போய்த் திருவனந்தபுரம். இடையிடையே தனியார் ஆஸ்பத்திரிகள். எங்கே சேர்த்தாலும் ஐசியூ கதவு சாத்தப்பட்ட பிறகு வெளியே நாற்காலியில் காத்திருப்பவருக்கு இந்தப் பக்கத்தில் ‘பைஸ்டாண்டர்’ என்று பெயர். கேரளத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்து குமரி மாவட்டத்தில் ஊறிப்போன சொல் அது. பார்வை நேரத்தில் ஐந்து நிமிடம் உள்ளே விட்டால், கட்டிலுக்கு மேலே இருக்கும் மானிட்டரை அவர் போனில் படம் எடுப்பார். படம் துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் மகனுக்குப் போகும். மகன் அதைத் தெரிந்த டாக்டர் ஒருவருக்கு அனுப்புவான்: “சாச்சுரேஷன் 91 காட்டுது டாக்டர், பயப்படணுமா?”

இதுவும் தொலைநிலைக் கண்காணிப்புதான். ஆனால் யாருடைய அனுமதியும் இல்லை, எந்த நேரத்து எண் என்ற பதிவும் இல்லை. பதில் சொல்லும் டாக்டர் நோயாளியைப் பார்த்ததில்லை. அவர் சொல்வதை உள்ளே இருக்கும் டியூட்டி டாக்டர் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இதே காரியத்தை முறையாக, இணைய வழியில், இருபத்து நான்கு மணி நேரமும் செய்ய முடியுமா, செய்தால் உயிர் பிழைக்குமா, அந்தத் தரவு யாருடையது என்ற கேள்விகளை உலகம் அரை நூற்றாண்டாகக் கேட்டு வருகிறது. கிடைத்திருக்கும் விடைகளை இரணியல் போன்ற ஓர் ஊரிலிருந்து பார்த்து எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

மானிட்டரில் ஓடுவது என்ன

ஐசியூ மானிட்டர் பல கருவிகள் சேர்ந்த பெட்டி. மார்பில் ஒட்டிய வில்லைகள் வழியாக இதயத்தின் மின் அலை வருகிறது; அதைக் கருவி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து கோடாக வரைகிறது. விரலில் மாட்டிய கிளிப் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, ரத்தம் எவ்வளவு ஆக்சிஜன் ஏந்தியிருக்கிறது என்று கணக்கிடுகிறது. இதன் அடிப்படைத் தத்துவத்தை 1974-இல் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ ஆவோயாகி. கையில் சுற்றிய பட்டை குறித்த இடைவெளியில் உப்பி பி.பி. பார்க்கிறது. நிலைமை மோசமானவர்களுக்கு ரத்தக் குழாய்க்குள்ளேயே குழல் செருகி, ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் நேராக அளப்பார்கள்.

இந்த அளவுகள் கட்டிலிலிருந்து முதலில் போவது நர்ஸுகள் உட்காரும் மேசையின் மையத் திரைக்கு. அங்கிருந்து வெளியே அனுப்ப ஒரு நுழைவாயில் கணினி வேண்டும். கருவிகள் ஒவ்வொரு கம்பெனியின் மொழியிலும் பேசுவதை, ‘எச்.எல்.7’ போன்ற பொது வடிவத்துக்கு அது மாற்றித் தருகிறது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பல ஆண்டுகளில் பல கம்பெனிகளிடம் வாங்கிய மானிட்டர்கள் ஒரே அறையில் இருக்கும். சிலவற்றில் வெளியே தரவு எடுக்க வழியே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் கேமராவை மானிட்டரின் முகத்துக்கு நேரே பொருத்தி, எண்களைக் கணினியே படித்துக்கொள்ளச் செய்கிறார்கள். பைஸ்டாண்டர் போனில் செய்வதன் ஒழுங்குபட்ட வடிவம் இது.

இந்தத் தரவுகளின் எடை ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எண்கள் மிக இலேசானவை, மோசமான இணைப்பிலும் போய்ச் சேரும். அலைக்கோடு அதைவிடக் கனம். வீடியோ எல்லாவற்றிலும் கனம். மழைக்கால இரவில் இணைப்பு தளர்ந்தால் முதலில் உறைவது நோயாளியின் முகம். எண் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தொலைவில் இருக்கும் டாக்டர் எதை நம்பி முடிவெடுக்கிறார் என்பதை இந்த வரிசைதான் தீர்மானிக்கிறது.

கோபன்ஹேகன் முதல் பத்துப் படுக்கை வரை

தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே, ஆள் அருகில் இருக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது. 1952-இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகளுக்குச் சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, கையால் பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்தார்கள். அந்த யோசனையைத் தந்த மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் அடுத்த ஆண்டு தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். படுக்கைக்கு ஓர் ஆள், இடைவிடாத கவனிப்பு என்பதே ஐசியூவின் முதல் விதி.

ஆள் போதாதபோது பார்வையையாவது அனுப்பலாமா என்று 1970-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் முயன்றார்கள். பெரிய மருத்துவமனையின் நிபுணர், சிறிய ஆஸ்பத்திரியின் ஐசியூவை இருவழித் தொலைக்காட்சியில் பார்த்து ஆலோசனை சொன்னார். தொழில்நுட்பம் கைகூட இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் பிரையன் ரோசன்ஃபெல்ட், மைக்கேல் பிரெஸ்லோ இருவரும் தொடங்கிய ‘விசிகு’ நிறுவனத்தின் முறை, 2000-இல் வர்ஜீனியாவின் சென்டாரா மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்தது. 2008-இல் அந்த நிறுவனத்தை ஃபிலிப்ஸ் வாங்கியது.

இந்தியாவில் தொலை மருத்துவத்தின் முதல் பெரிய அடையாளம் ஆந்திரத்தின் அரகொண்டா கிராமம். 2000-இல் அப்போலோ அங்கே தொடங்கிய மையம். ஐசியூ அளவில் பார்த்தால், 2017-இல் பெங்களூரில் துருவ் ஜோஷி, திலீப் ராமன் என்ற இரு மருத்துவர்கள் தொடங்கிய ‘கிளவுட்ஃபிசிஷியன்’ சிறு ஆஸ்பத்திரிகளின் படுக்கைகளைத் தன் மையத்திலிருந்து கவனிக்கிறது. கொரோனா வந்தபோது தேவை கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. நாட்டில் ஏறத்தாழ 95,000 ஐசியூ படுக்கைகளும் 48,000 வென்ட்டிலேட்டர்களும்தான் இருக்கும் என்பது 2020-இல் வந்த ஒரு மதிப்பீடு. படுக்கை வாங்கலாம், வென்ட்டிலேட்டரும் வாங்கலாம். அதை ஓட்டத் தெரிந்த நிபுணரை எங்கே வாங்குவது? 2021-இல் தொடங்கிய ‘10 பெட் ஐசியூ’ திட்டம், சிறிய அரசு மருத்துவமனைகளில் பத்துப் படுக்கைப் பிரிவு அமைத்து, அதை மருத்துவக் கல்லூரி நிபுணர்களோடு இணைத்தது. அதில் ஓடும் ‘கேர்’ என்ற திறந்த மென்பொருள் நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கொரோனா காலத்தில் உருவானது.

ஆய்வுகள் சொல்வது

இத்தனை செலவில் உயிர் பிழைக்கிறதா? விடை இரு பக்கமும் சாய்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஏழு ஐசியூக்களில் 6,290 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. தொலைநிலைக் கண்காணிப்பு வந்த பிறகு மருத்துவமனை இறப்பு 13.6 சதவீதத்திலிருந்து 11.8 ஆகக் குறைந்தது. சராசரித் தங்கல் 13.3 நாளிலிருந்து 9.8 ஆனது. வென்ட்டிலேட்டரால் வரும் நிமோனியா 13 சதவீதத்திலிருந்து 1.6 ஆக இறங்கியது. கேட்டால் உடனே வாங்கத் தோன்றும்.

ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ஹூஸ்டன் பகுதியின் ஆறு ஐசியூக்களில் நடந்த ஆய்வில் மொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. காரணம் தேடுபவர்கள் அதில் ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். தொலைவில் இருந்த மருத்துவருக்கு முழு சிகிச்சை அதிகாரம் கொடுக்கப்பட்டது 31 சதவீத நோயாளிகளுக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு, உயிர் போகும் நிலை வந்தால் மட்டும் தலையிடலாம். அதாவது பெரும்பாலான படுக்கைகளில் அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

நம் நிலைமைக்கு நெருக்கமான சான்று பிரேசிலிலிருந்து 2024-இல் வந்தது. 30 ஐசியூக்கள், 17,024 நோயாளிகள். தொலைவிலிருந்து ஒரு நிபுணர் தினமும் உள்ளூர்க் குழுவோடு சேர்ந்து ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசினார். ஐசியூவில் தங்கும் நாள் குறையவில்லை: தொலைநிலை உதவி பெற்ற இடங்களில் சராசரி 8.1, வழக்கமான இடங்களில் 7.1. நாளுக்கு ஒருமுறை நடக்கும் நல்ல உரையாடல் மட்டும், ஆள்பலமும் வசதியும் குறைந்த ஆஸ்பத்திரியை மாற்றிவிடாது என்று இதைப் படிக்கலாம்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மாசசூசெட்ஸில் மாறியது திரை மட்டுமல்ல. சிகிச்சை முறைகளை ஒரே சீராக்கினார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து போன்ற அன்றாட விஷயங்கள் விட்டுப்போகாமல் தொலைவில் இருந்தவர்கள் சரிபார்த்தார்கள். அலாரத்துக்கு யாரும் வரவில்லை என்றால் உடனே கூப்பிட்டார்கள். இரணியல் தறி ஓடிய ஊர் என்பதால் இங்கே எளிதாகச் சொல்லலாம்: பாவை நீளமாக இழுத்துக் கட்டினால் மட்டும் வேட்டி ஆகிவிடாது, ஊடு குறுக்கே ஓட வேண்டும். தரவு என்பது பாவு.

தமிழ்நாட்டுச் சான்று ஒன்று

ஊடு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. மாரடைப்புக்காகக் கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் முன்னின்று நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி திட்டம் ஐசியூவுக்கானது அல்ல. ஆனால் நோயாளி ஓரிடம், தரவைப் படிப்பவர் வேறிடம் என்ற கேள்வி அதேதான். நான்கு வட்டாரங்களில், சிறு ஆஸ்பத்திரிகள் அந்தந்த வட்டாரத்துப் பெரிய மையத்தோடு இணைக்கப்பட்டன. நெஞ்சுவலியோடு வந்தவரின் இ.சி.ஜி.யையும் மற்ற அளவுகளையும் கருவியே செல்போன் இணைப்பு வழியே அனுப்பியது. முடிவு உறுதியானதும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சின்ன ஆஸ்பத்திரியிலேயே போட்டார்கள். பிறகு 108 ஆம்புலன்ஸ் அவரைப் பெரிய மையத்துக்கு ஆஞ்சியோகிராமுக்குக் கொண்டுபோனது. ஏழைகளின் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது.

2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்த இந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஆஞ்சியோகிராம் கிடைத்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 ஆனார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். இங்கே இ.சி.ஜி. போய்ச் சேர்ந்தது கதையின் கால்பங்கு. ஊசி, வண்டி, பணம், யார் எதைச் செய்வது என்ற ஏற்பாடு ஆகியவை மீதி முக்கால்.

எண் ஏமாற்றும் இடங்கள்

தொலைவில் உட்கார்ந்து எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாறக்கூடிய இடங்கள் குறைந்தது மூன்று.

முதலாவது, ஓயாத அலாரம். ஐசியூவுக்குள் ஒரு மணி நேரம் நின்றால் தெரியும்: நோயாளி கையைத் தூக்கினால் ஒலி, வில்லை பிய்ந்தால் ஒலி, கிளிப் நழுவினால் ஒலி. அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை சிகிச்சை எதுவும் தேவைப்படாதவை என்று அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2013-இல் எச்சரித்தது. அலாரம் தொடர்பாக மூன்றரை ஆண்டுகளில் அதற்கு வந்த 98 புகார்களில் 80 மரணத்தில் முடிந்தவை. புலி வருது கதைதான். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சிஸ்டருக்கே காது மரத்துப்போகும்போது, ஐம்பது படுக்கைகளின் அலாரத்தை ஒரே அறையில் கேட்பவருக்கு என்ன ஆகும்?

இரண்டாவது, தோல். விரல் கிளிப்பின் ஒளி தோலைக் கடந்துதான் ரத்தத்தை எட்டுகிறது. 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கிளிப் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேரடியாகச் சோதித்து ஒப்பிட்டது. உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கறுத்த தோல் மிகுந்த நம் நாட்டில் துபாய்க்குப் போகும் அந்த ‘91’ உண்மையில் எத்தனை என்பது ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும்.

மூன்றாவது, திருட்டும் திரிப்பும். 2018-இல் மெக்காஃபி நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், மானிட்டருக்கும் மையத் திரைக்கும் நடுவே புகுந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயத் துடிப்பு எண்ணை மாற்றிக் காட்டினார்கள். 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்க அரசு அமைப்புகள் கான்டெக் சி.எம்.எஸ். 8000 என்ற சீன மானிட்டரைப் பற்றி எச்சரித்தன: அதன் மென்பொருளில் மறைவான பின்வாசல் ஒன்று இருந்தது, இணையத்தில் இணைத்தால் நோயாளியின் தகவலை ஏற்கெனவே பதித்து வைத்த வெளி முகவரிக்கு அது அனுப்பியது. நம் நாட்டில் 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸின் கணினிகள் முடக்கப்பட்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் காகிதத்தில் வேலை நடந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய மானிட்டரை இணையத்தில் மாட்டுவதற்கு முன் எந்த ஆஸ்பத்திரியும் இவற்றை யோசித்தாக வேண்டும்.

இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. பார்ப்பது ஒன்று, அதன் பொருள் விளங்குவது வேறு. இரணியலை அடுத்த நெய்யூரில் 1838-இல் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப் பணிக்கு, பின்னாளில் வந்து சேர்ந்து பெயர் வாங்கித் தந்தவர் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். எவரெஸ்ட் ஏற முயன்றவர். 1924 ஜூனில், ஆக்சிஜன் உருளை இல்லாமல் 8,500 மீட்டர் அளவுக்கு ஏறிவிட்டு இறங்கும்போது, குளிரில் கருகிய தொண்டைச் சதை அடைத்துக்கொண்டு அவருக்கு மூச்சு நின்றது. சற்று முன்னால் போய்க்கொண்டிருந்த தோழர் நார்ட்டனைக் கூப்பிடக் குரல் வரவில்லை. படம் வரைவதற்காகச் சோமர்வெல் பின்தங்கிவிட்டார் என்று நார்ட்டன் நினைத்துக்கொண்டார். கடைசியில் சோமர்வெல் தம் மார்பைத் தாமே இரு கையாலும் அமுக்கி அடைப்பை வெளியேற்றிப் பிழைத்தார். பிற்பாடு நெய்யூரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அறுவை செய்த கை அது. கூப்பிடு தூரத்தில் இருந்தவருக்கே ‘ஆள் உட்கார்ந்திருக்கிறார்’ என்பது தெரிந்தது, ‘மூச்சு நின்றிருக்கிறது’ என்பது தெரியவில்லை.

தரவு யாருடையது

2020 மார்ச் 25 அன்று வந்த இந்தியத் தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகள், நாட்டின் எந்த மூலையிலிருந்தும் பதிவுபெற்ற மருத்துவர் ஆலோசனை சொல்லலாம் என்று கதவைத் திறந்தன. திருவனந்தபுரத்து நிபுணர் தக்கலை நோயாளியைப் பார்க்க மாநில எல்லை தடையில்லை. ஆனால் கருவிகள், மென்பொருள், தரவை வைத்திருக்கும் முறை பற்றித் தாங்கள் பேசவில்லை என்று அந்த நெறிகளே விலகிக்கொண்டன. 2023-இல் வந்த தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல், பாதுகாப்பு, கசிந்தால் தெரிவிக்க வேண்டிய கடமை ஆகியவற்றைச் சொல்கிறது. மயக்கத்தில் வென்ட்டிலேட்டரில் கிடப்பவரின் ஒப்புதலை நடைமுறையில் யார் கொடுப்பது, மானிட்டர் திரையைப் பார்க்கும் உரிமை குடும்பத்தில் எவருக்கு என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் வழி.

குடும்பத்துக்கு நேரடித் திரையைத் திறந்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. கிளிப் நழுவி எண் 60-க்கு இறங்கியதைப் பார்த்து மஸ்கட்டில் ஒரு மகன் டிக்கெட் போட்டுவிடுவான். அவனுக்கு வேண்டியது ஓடும் எண்ணல்ல, நாளுக்கு இருமுறை ஒரு டாக்டர் தமிழில் சொல்லும் நாலு வார்த்தை. அந்தப் பேச்சு நடக்காத இடத்தில்தான் போன் கேமரா ஐசியூவுக்குள் நுழைகிறது.

இன்னொரு பயனை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. பாஸ்டனின் ஒரு மருத்துவமனையில் 2001 முதல் சேகரித்த ஐசியூ தரவுகள், பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டு, ‘மிமிக்’ என்ற பெயரில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதன் மூன்றாம் பதிப்பில் மட்டும் 40,000-க்கு மேற்பட்ட நோயாளிகள். உரிய பயிற்சி முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் நாகர்கோவில் மாணவர் ஒருவரும் பாஸ்டன் நோயாளியின் துடிப்பை ஆராயலாம். நம் ஊர் மானிட்டரில் பதிவாவதோ, இணைப்பு இல்லாவிட்டால், சில நாட்களில் மேலெழுதப்பட்டு அழிந்துபோகும். பாம்புக்கடியும் எலிக்காய்ச்சலும் பூச்சிமருந்து விஷமும் வருகிற நம் ஐசியூக்களின் அனுபவம் பாஸ்டனில் இருக்காது.

இரணியலுக்கு எது பொருந்தும்

தக்கலைக்கும் ஆசாரிப்பள்ளத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆகவே இங்கே தொலைநிலைக் கண்காணிப்பின் முதல் பயன், இடம் மாற்றாமல் காப்பாற்றுவது அல்ல. யாரை எப்போது மாற்றுவது என்ற முடிவைச் சரியான மணியில் எடுப்பதே. “மெடிக்கல் காலேஜுக்கு எழுதியாச்சு” என்று நடு இரவில் சொல்லி அனுப்புவதற்கு ஆறு மணி நேரம் முன்பே, பி.பி. மெல்ல இறங்குவதையும் மூச்சு எண்ணிக்கை ஏறுவதையும் மருத்துவக் கல்லூரி நிபுணர் பார்த்துவிட்டால், போகிற வழியில் மோசமாவதைத் தவிர்க்கலாம். அங்கே படுக்கையும் தயாராக இருக்கும். மாற்ற முடியாதவருக்கு, சின்ன ஆஸ்பத்திரியின் இளம் டாக்டரும் சிஸ்டரும் தனியாக நிற்கவில்லை என்ற தெம்பு இருக்கும்.

அதற்குக் கேமராவுக்கு முன்பு வர வேண்டியது ஒரு பக்கக் காகிதம். எந்த எண் எந்த அளவைத் தாண்டினால் யார் யாரைக் கூப்பிடுவது. தொலைவில் இருப்பவர் மருந்தை மாற்றச் சொன்னால் கேஸ் ஷீட்டில் யார் எழுதிக் கையெழுத்திடுவது. ஒரு சிஸ்டருக்கு எத்தனை கட்டில். இணைப்பு அறுந்தாலோ கரண்ட் போனாலோ அடுத்த நிமிடம் என்ன. குடும்பத்தோடு பேசுவது யார், எத்தனை மணிக்கு. ஹூஸ்டனில் விட்டுப்போனது இந்தக் காகிதம். ஸ்டெமி திட்டத்தில் இருந்தது இது.

குமரி மாவட்ட மருத்துவமனைகளுக்கும் அவற்றை நடத்துபவர்களுக்கும் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: அந்த ஒரு பக்கத்தை எழுதி, ஐசியூ சுவரில் எல்லோரும் படிக்கும்படி தமிழில் ஒட்டுங்கள். கேமராவை அதற்குப் பிறகு மாட்டலாம்.